காற்றுக்குக் காத்திருக்கும் தூண்டில்

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் அசின்ட் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதான பாறை, அதன்மேல் கறுத்த சதுப்பு மண், பாறைப் பள்ளங்களில் நூற்றுக்கணக்கான ஏரிகள். ஏரியை அங்கே லாக் என்பார்கள். ஆகஸ்டு மாதம் ஹெதர் புதர்கள் பூத்து மலைச்சரிவெல்லாம் ஊதாவாக மாறும்போது, பழுப்பு டிரவுட் மீனுக்குத் தூண்டில் போட ஆட்கள் வருவார்கள். காலையில் ஏரி அசையாமல் கிடக்கிறது, சுவில்வன் மலை அதில் தலைகீழாகத் தெரிகிறது என்றால், பழகிய தூண்டில்காரர் படகைத் தண்ணீரில் தள்ளவே மாட்டார். ஃபிளாஸ்கைத் திறந்து தேநீரை ஊற்றிக்கொண்டு, காற்று வரட்டும் என்று கரையில் உட்கார்ந்துவிடுவார். அலை எழுந்து, தண்ணீருக்குள் ஒன்றுமே தெரியாமல் போன பிறகுதான் கிளம்புவார்.

தெளிந்த தண்ணீரில்தானே மீன் கண்ணுக்குத் தெரியும்? கலங்கிய பரப்பில் எதைப் பார்த்துத் தூண்டில் வீசுவது? இந்தக் கேள்விக்கு விடை நம் கண்ணில் இல்லை, மீனின் கண்ணில் இருக்கிறது. காற்றும் நீரும் தொட்டுக்கொள்ளும் அந்த ஒற்றைப் பரப்பு கீழேயிருந்து பார்க்கும் மீனுக்கு எப்படித் தெரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால், லாக் மீன்பிடிப்பின் பழக்கங்களில் பாதிக்கும் மேல் காரணம் விளங்கிவிடும்.

முதலில் இந்த வேட்டையைப் பற்றிக் கொஞ்சம். டிரவுட் குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த நன்னீரில் வாழும் மீன். நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கத்து நீர்நிலைகளில் இருக்கும் டிரவுட், பிரிட்டிஷ் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட வானவில் டிரவுட் என்ற இனம். அசின்டின் பழுப்பு டிரவுட்டோ பனியுகம் முடிந்து பனிப்பாளங்கள் விலகியபோது தானாக வந்து குடியேறியது. இதைப் பிடிக்க மண்புழு வேண்டாம். கொக்கியின்மேல் இறகும் மயிரும் பட்டு நூலும் சுற்றிச் செய்த செயற்கை ஈதான் இரை. அதற்கு எடையே கிடையாது என்பதால் அதை மட்டும் எறிய முடியாது. கனமான, தடித்த நூலைத்தான் கோலால் முன்னும் பின்னும் வீசுகிறார்கள், அதன் நுனியில் ஈ கூடவே போய் விழுகிறது. அந்த ஈக்கு மணமில்லை, சுவையில்லை, உயிருமில்லை. மீனை ஏமாற்றுவதெல்லாம் ஒளியின் வேலை.

ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, கண் மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கிப் பிடியுங்கள். பக்கவாட்டிலிருந்து சாய்வாக, நீரின் மேற்பரப்பைக் கீழிருந்து பாருங்கள். அது ரசம் பூசிய கண்ணாடியாகப் பளபளக்கும். மேலே இருக்கும் கூரையோ விளக்கோ அதன் வழியாகத் தெரியாது. ஒரு கரண்டியை உள்ளே விட்டால், முழுகிய பாகத்தின் பிம்பம்தான் அந்தப் பரப்பில் தலைகீழாகத் தெரியும். இதைத்தான் பாடநூல்கள் முழு அக எதிரொளிப்பு என்கின்றன. நீருக்குள்ளிருந்து மேலே போகும் ஒளி, செங்குத்திலிருந்து சுமார் 48.6 டிகிரிக்கு மேல் சாய்ந்து போனால், வெளியே தப்ப முடியாமல் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். இந்த எல்லைக்கு மாறுநிலைக் கோணம் என்று பெயர். வெளியுலகம் உள்ளே தெரிவதற்கும் அதே எல்லைதான்.

ஆகவே நீருக்குள் இருக்கும் மீன் மேலே பார்த்தால், தலைக்கு நேர் மேலே வட்டமான ஒரு சாளரம் மட்டும் திறந்திருக்கும். அதன் விரிவு 97 டிகிரி. கரை, மலை, வானம், படகு, மனிதர் என்று தொடுவானம்வரை இருக்கும் அத்தனையும் அந்த வட்டத்துக்குள் நெருக்கி அடைபட்டுத் தெரியும். வட்டத்துக்கு வெளியே எங்கு பார்த்தாலும் கண்ணாடி: ஏரியின் அடித்தரைதான் அதில் பிரதிபலிக்கும். ஒளி விலகலின் விதியைக் கண்ட டச்சு அறிஞரின் பெயரால் இதை ஸ்நெல் சாளரம் என்பார்கள். மீன் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதைப்போல இரண்டேகால் மடங்கு இந்த வட்டத்தின் விட்டம். ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனுக்கு இரண்டேகால் மீட்டர் அகலச் சாளரம். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் மேயும் மீனுக்கு 70 சென்டிமீட்டர்கூட இல்லை. மீன் மேலே ஏற ஏறச் சாளரமும் சுருங்கிக்கொண்டே வரும்.

இது வெறும் கணக்கு இல்லை, படமாகவே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1906-இல் ஊசித்துளைக் கேமரா ஒன்றுக்குள் தண்ணீரை நிரப்பிப் படம் பிடித்தார். சுற்றியுள்ள உலகம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் சுருண்டு பதிவானது. இன்று கேமராக்காரர்கள் சொல்லும் மீன்கண் லென்ஸ் என்ற பெயருக்கு மூலம் அவருடைய அந்தக் கட்டுரைதான். அவருக்கும் 70 ஆண்டு முன்னே, ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ் என்ற ஆங்கிலேயத் தூண்டில்காரர் ஸ்டாஃபோர்ட்ஷயரில் பிளைத் ஆற்றங்கரையில் ஒரு சிறு கண்காணிப்புக் குடில் கட்டிக்கொண்டு, தன்னைக் காட்டாமல் மேலிருந்து டிரவுட்டைக் கவனித்தார். கரையில் நிற்கும் மனிதன் மீனுக்கு எங்கே, எந்த உயரத்தில் தெரிவான் என்பதைக் கோடு போட்டு விளக்கி 1836-இல் புத்தகமாக வெளியிட்டார். பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்படும் ஒரு விஷயத்தில் இத்தனை பொறுமையும் நேர்மையும் காட்டியவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி படகில் இருப்பவருக்கு வருவோம். சாளரத்தின் விளிம்பு ஒரு விசித்திரமான இடம். தொடுவானத்திலிருந்து 10 டிகிரி உயரம்வரை இருப்பதெல்லாம் நீருக்குள் போகும்போது வெறும் 1 டிகிரிக்குள் நசுங்கிவிடுகிறது. அதோடு, அவ்வளவு தாழ்ந்து வரும் ஒளியில் பெரும் பங்கு உள்ளே நுழையாமல் பரப்பில் பட்டுத் தெறித்துவிடும். 10 டிகிரி உயரத்தில் வரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கும், 5 டிகிரியில் பாதிக்கு மேலும் இப்படித் திரும்பிப் போய்விடும். ஆக, தாழ்ந்து இருப்பவை மீனுக்கு நசுங்கியும் மங்கியும் தெரிகின்றன. பத்து மீட்டர் தூரத்தில் படகில் எழுந்து நிற்பவரின் தலை 12 டிகிரி உயரத்துக்குப் போய்விடும்; மீனுக்கு அவர் நன்றாகத் தெரிவார். அவரே உட்கார்ந்திருந்தால் 7 டிகிரிதான். விளிம்பில் மங்கிய ஒரு கீறலாக நின்றுவிடுவார். லாக் மீன்பிடிப் போட்டிகளில் உட்கார்ந்தேதான் தூண்டில் வீச வேண்டும் என்று விதி உண்டு. படகு கவிழக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. ஆனால் அதைக் கடைப்பிடிப்பவருக்கு ஒளியியலும் சேர்ந்து உதவி செய்கிறது.

இப்போது காற்று. பரப்பு அசையாமல் இருக்கும்வரை சாளரம் ஒரே துண்டு. அதில் நூல் விழுந்தாலும் கோல் அசைந்தாலும் பளிச்சென்று தெரியும். காற்று எழுந்து சிற்றலை ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு அலைச் சரிவும் தனித்தனிக் கோணத்தில் சாய்கிறது. பெரிய சாளரத்தின் ஓரம் கிழிபடுகிறது. கண்ணாடியாக இருந்த பகுதியில் கண நேரத்துக்குச் சிறு துளைகள் திறந்து மூடுகின்றன. காற்றில் ஆடும் தென்னங்கீற்றுப் பந்தலின் கீழே நின்றால் வெயில் பொட்டுப் பொட்டாகத் தரையில் ஓடிக்கொண்டே இருக்குமே, அந்தச் சலசலப்பில் தரையில் ஒரு நூல் கிடந்தால் கண்ணில் படுமா? ஏரியின் கூரை முழுக்க அப்படி ஆகிவிடுகிறது. நைலான் நூலின் கோடும், வளைந்த கோலும், மனிதரின் தொப்பியும் அந்த ஒளித் துணுக்குகளில் கரைந்துபோகும். நமக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் போகிற அதே அலையால்தான் கீழே இருப்பவனுக்கும் மேலே ஒன்றும் தெரியாமல் போகிறது. அதில் யாருக்கு ஆதாயம் என்றால், ஒளிந்திருக்க வேண்டியவருக்கு.

அப்படியானால் ஈ மட்டும் எப்படித் தெரிகிறது? பிரிட்டனின் பிரையன் கிளார்க், ஜான் காடர்டு இருவரும் கண்ணாடித் தொட்டி வைத்துக் கீழிருந்து படமெடுத்து, 1980-இல் டிரவுட்டையும் ஈயையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். சாளரத்துக்கு வெளியே, கண்ணாடிப் பகுதியின்மேல் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தால், அதன் உடல் மீனுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அதன் ஆறு கால்களும் நீர்ப்பரப்பை அழுத்திப் பள்ளமாக்குகின்றன. அந்தப் பள்ளங்கள் இருண்ட கண்ணாடியில் ஒளிப்புள்ளிகளாக மின்னும். மீனை உஷாராக்கும் முதல் அடையாளம் அந்தப் புள்ளிகளே. பூச்சி நெருங்கி வரும்போது முதலில் விளிம்புக்கு மேலே சிறகுகள் மட்டும், உடலிலிருந்து பிரிந்து தனியாக மிதப்பதாகத் தெரியும். பிறகு சிறகும் உடலும் ஒன்று சேரும். லாக் தூண்டில்காரர் ஒரே நூலில் மூன்று ஈ கட்டி, கோலுக்கு மிக அருகில் இருக்கும் மேல் ஈயை அலையின் உச்சியில் தொட்டும் தொடாமலும் இழுத்து வருவார். அதன் உடல் நெடுகச் சுற்றிய கோழி இறகின் மயிர்கள் பரப்பைக் கீறிக்கொண்டே வருவதால், சாளரத்துக்கு வெகு வெளியே இருக்கும்போதே கண்ணாடிக் கூரையில் ஒரு வெள்ளிக் கீறல் ஓடுகிறது. மூன்று மீட்டருக்கும் நீளமான கோலை அவர்கள் விரும்புவது இந்த வேலைக்காகத்தான்.

காற்று செய்யும் இரண்டாவது உபகாரம் சாப்பாடு. ஆகஸ்டில் ஹெதர் புதர்களில் ஒரு கறுப்பு ஈ பெருகும். விலங்கியல் பெயர் பிபியோ போமோனே. ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சோம்பலாக, கால்களைத் தொங்கவிட்டபடி பறக்கும். அந்தக் கால்களின் தொடைப்பகுதி மட்டும் நல்ல சிவப்பு. இதற்குக் காற்றை எதிர்க்கும் பலம் இல்லை. மலைச்சரிவிலிருந்து அடித்துக்கொண்டு வரப்பட்டு ஏரியில் விழும். விழுந்தது எழுந்திருப்பது அபூர்வம். நீர்மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் பரப்பில் ஏற்படும் விறைப்புக்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். காலால் நிற்கும் பூச்சியை அது தாங்கும். உடல் நனைந்த பூச்சியை ஒட்டிக்கொண்டு விடாது. ஏரி அடிச்சேற்றில் வளரும் கைரோனமிட் கொசுக்களுக்கும் இதே கண்டம்தான். கூட்டுப்புழு மேலே மிதந்து வந்து, பரப்பின் அடியில் தொங்கி, முதுகு வெடித்து, கொசு வெளியே ஏற வேண்டும். அந்தச் சில கணங்களில் அது முழுக்கத் தற்காப்பற்றது. டிரவுட்டுக்கு அது நன்றாகத் தெரியும்.

இப்படிச் சிக்கியவை ஏரியெங்கும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. காற்று விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தைத் தாண்டினால், அது வீசும் திசையிலேயே நீளநீளமான வழவழப்புக் கோடுகளும் நுரைக் கோடுகளும் ஏரியில் தோன்றும். காற்றுத்தடம் என்று சொல்லலாம். இதை விளக்கியவர் வேதியியலில் நோபல் பெற்ற இர்விங் லாங்மியூர். 1927-இல் அட்லாண்டிக்கைக் கப்பலில் கடக்கும்போது, சர்காசம் கடற்பாசி காற்றின் திசையில் வரிசை வரிசையாக நிற்பதைக் கண்டார். ஊர் திரும்பியதும் நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரியில் மிதவைகள் விட்டும் சாயம் கரைத்தும் ஆண்டுக்கணக்கில் சோதித்து 1938-இல் முடிவை வெளியிட்டார். காற்று வீசும்போது மேல்நீர் நேராக மட்டும் ஓடுவதில்லை. காற்றின் திசையில் படுத்த நீண்ட உருளைகளாகச் சுழலவும் செய்கிறது. அடுத்தடுத்த உருளைகள் எதிரெதிர்ப் பக்கம் சுழலும். இரண்டு உருளைகளின் மேல்நீர் சந்தித்துக் கீழே இறங்கும் கோட்டில், மிதப்பவை மட்டும் இறங்க முடியாமல் தேங்கிவிடும். நுரை, இலைத்துணுக்கு, செத்த ஈ எல்லாம் அங்கேதான். டிரவுட் இந்தக் கோட்டுக்குள் நுழைந்து, காற்றுக்கு எதிர்முகமாக நீந்தியபடி ஒன்றொன்றாக உறிஞ்சிக்கொண்டு வரும். படகோ குறுக்குவாட்டில் திரும்பிக் காற்றோடு மிதந்து போகிறது. முதுகில் காற்று, முன்னால் தூண்டில், எதிரே மீன். இந்த ஏற்பாட்டைத் தலைமுறை தலைமுறையாகப் படகுக்காரர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். லாங்மியூரின் பெயரை அவர்களில் பலர் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி அந்தச் செயற்கை ஈயைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அசின்டில் ஆகஸ்டு மாதத்துக்கு ஏற்றது, அந்தக் கறுப்பு ஈயின் பெயரையே கொண்ட பிபியோ. உடம்புக்கு மயிரைத் திரித்துச் சுற்றியிருக்கிறார்கள்: கறுப்பு, நடுவில் சிவப்பு, மறுபடி கறுப்பு. அதன்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பிச் சுற்று, கறுப்புச் சேவலின் கழுத்திறகு. சிறகு இல்லை, கண் இல்லை, ஆறு கால்கள் இல்லை. மயிர்கள் ஐம்பது அறுபது சிலிர்த்துக்கொண்டு நிற்கின்றன. பக்கத்தில் உண்மையான ஹெதர் ஈயை வைத்தால் ஒரு குழந்தைகூட ஏமாறாது. டிரவுட் ஏமாறுகிறது. முட்டாள் மீன் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் தவறு.

விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பர்கன் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஸ்டிக்கில்பேக் என்ற சிறு மீனை வைத்து இதை ஆராய்ந்தார். முதுகில் முள் நிற்கும் இந்த மீனின் ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் வயிறு சிவக்கும். தன் எல்லைக்குள் வரும் இன்னொரு சிவந்த ஆணைத் தாக்கும். டின்பர்கன் அச்சு அசலாகச் செய்த ஒரு பொம்மை மீனைச் சிவப்பு பூசாமல் விட்டார். மீன் வடிவமே இல்லாத சில கட்டைகளுக்கு அடிப்பாகத்தில் சிவப்பு பூசினார். ஆண் மீன் அசல் பொம்மையைப் பெரும்பாலும் சட்டை செய்யவில்லை, சிவப்புக் கட்டைகளைப் பாய்ந்து தாக்கியது. சன்னலுக்கு வெளியே சிவப்புத் தபால் வண்டி போனபோதும் தொட்டியிலிருந்த ஆண்கள் அதை நோக்கிப் பாய்ந்தன என்று அவரே எழுதியிருக்கிறார். முழு உருவத்தையும் சரிபார்க்க விலங்குக்கு நேரமில்லை. ஒன்றிரண்டு அடையாளங்களை மட்டும் பிடித்துக்கொள்கிறது. அதைக் குறித்தூண்டல் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டிக்கில்பேக்கின் சிவப்பு பிறவியிலேயே வருவது. டிரவுட்டின் அடையாளம் சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பழகியது. இன்று காலையிலிருந்து கறுப்பும் நடுவில் சிவப்பும் பரப்பில் சிக்கிய அசைவும் உணவு என்று தெரிந்திருக்கிறது. அந்த மூன்றும் சேர்ந்தால் போதும். தலையில் தற்காலிகமாகப் பதியும் இந்த வரைவைத் தேடு பிம்பம் என்கிறார்கள். அலை எல்லாவற்றையும் துண்டு துண்டாக்கிக் காட்டும்போது, அதற்குமேல் சரிபார்க்கவும் வாய்ப்பில்லை.

சிவப்பு இங்கே எடுபடுவதற்கு நீரின் நிறமும் ஒரு காரணம். சதுப்பு மண்ணின் சாறு இறங்கிப் பழுப்பாகிய நீர் நீல ஒளியை வெகு சீக்கிரம் விழுங்கிவிடும். சிவப்பும் ஆரஞ்சும்தான் ஆழம்வரை போகும். நன்னீர் மீன்கள் பலவற்றின் விழித்திரையில் சிவப்புப் பக்கம் சாய்ந்த போர்ஃபிராப்சின் என்ற நிறமி இருப்பதை அமெரிக்க உயிரியலாளர் ஜார்ஜ் வால்டு 1930-களில் கண்டறிந்தார். டிரவுட்டுக்கும் அது உண்டு.

இவ்வளவும் சரியாக நடந்து மீன் ஈயை வாயில் வாங்கிவிட்டாலும் வேலை முடியவில்லை. மீனுக்குக் கையில்லை, சந்தேகமான பொருளைத் தொட்டுப் பார்க்க வாய்தான் உண்டு. மயிரும் கம்பியும் என்று தெரிந்ததும் துப்பிவிடும். அந்தக் கணத்துக்குள் கோலை உயர்த்தி முள்ளைப் பதிக்க வேண்டும். கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டு மீன் பிடிப்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். மீனைத் தண்ணீரைவிட்டு எடுக்காமலே, ஒரு திருகில் முள்ளைக் கழற்றி விட்டுவிடலாம். உணவு குறைந்த, குளிர்ந்த இந்த ஏரிகளில் ஒரு டிரவுட் உள்ளங்கை நீளத்தைத் தாண்டி வளர ஆண்டுகள் ஆகும் என்பதால், இது பரவ வேண்டிய நல்ல பழக்கம் என்றே நினைக்கிறேன்.

படகில் பேசலாமா? தாராளமாக. ரொனால்ட்ஸ் இதையும் சோதித்தார். மீனின் கண்ணில் படாத இடத்திலிருந்து ஒரு நண்பரைத் துப்பாக்கி சுடச் சொன்னார். டிரவுட் திடுக்கிடவில்லை. அதற்காக மீன் செவிடு என்று அர்த்தமில்லை. விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1920-களில் ஒரு பூனைமீனைச் சீழ்க்கைக்குப் பழக்கி, கூப்பிட்டால் வரவைத்தார். (அவரும் டின்பர்கனும் 1973-இல் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்.) துப்பாக்கிச் சத்தம் பயனற்றுப் போனதற்குக் காரணம் மறுபடியும் அந்தப் பரப்புதான். காற்றில் வரும் ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் இறங்கும், மீதி மேலேயே திரும்பிவிடும். ஆனால் படகுப் பலகையில் பூட்ஸ் காலை இடித்தால் கதையே வேறு. அந்த அதிர்வு மரத்தின் வழியே நேராக நீருக்குப் போகிறது. டிரவுட்டின் காது சில நூறு ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட தாழ்ந்த ஒலிகளுக்குத்தான் கூர்மையானது. பலகை எழுப்பும் ‘டொம்’ அதே ரகம். மிக அருகில் நீர் அசைந்தால், உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பும் அதைப் பிடித்துவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் நாள் முழுக்கக் கதை பேசிக்கொண்டே, துடுப்பை மட்டும் படகின் அடியில் துணி விரித்துப் பதமாக வைக்கிறார்கள்.

மாலையில் காற்று விழுந்து ஏரி மறுபடி கண்ணாடியாகும். காலையில் கரையில் காத்திருந்தவர் இப்போது காத்திருக்க மாட்டார், ஏனென்றால் வெளிச்சமும் கூடவே மங்குகிறது. மீனின் விழித்திரையில் பகலுக்கான கூம்பு செல்கள் உள்ளே ஒதுங்கி, மங்கிய ஒளிக்கான குச்சி செல்கள் முன்னுக்கு வரும். நம் கண்ணில் இல்லாத இந்த இடமாற்றம் மெதுவாக, நிமிடக் கணக்கில் நடக்கும். நிறம் போய்விடும், வானத்தின் மீதமுள்ள வெளுப்பில் நிழலுரு ஒன்றே மிஞ்சும். வெளுத்த வானத்தை மிகத் திட்டமாக மறைப்பது கறுப்பு. பிபியோவின் சிவப்பால் இனிப் பயனில்லை என்பதால், அவர் அதை வெட்டிவிட்டு சிறு சிவப்பு வால் தவிர முழுக் கறுப்பான ஜூலு ஈயைக் கட்டுகிறார்.